இட்டேரியில் ஒதுங்கி நிற்பவள்

“கெணத்த எட்டிப் பாக்கறீங்களா, மூடி போட்டுடட்டுங்களா?”

கையிலிருக்கும் வி.ஆர். கண்ணாடியின் உள்பஞ்சைத் துணியால் ஒற்றியபடியே இளவேனில் கேட்கிறாள். எதிரே நிற்கும் பனியன் கம்பெனிக்காரருக்குக் கேள்வி பிடிபடவில்லை. “உள்ள ஒரு கெணறு வருமுங்க. நல்ல ஆழம். செல பேருக்குத் தல சுத்திப்போடும்” என்று விளக்குகிறாள். அவர் மீசையை நீவிக்கொண்டு யோசிப்பதற்குள் மனைவி முந்திக்கொள்கிறார்: “மூடியே போட்டுடுங்க அம்மணி. ஊட்டுத் தண்ணித்தொட்டியவே எட்டிப் பாக்க மாட்டாரு.” இளவேனில் சிரிக்காமல் கணினியில் ஒரு தட்டு தட்டுகிறாள். எங்கேயும் இல்லாத ஓர் ஊரில் ஒரு கிணறு மூடிக்கொள்கிறது.

அடுத்த கேள்வி நாயைப் பற்றி. பயம் என்றால் தெருநாய்கள் மறைந்துவிடும். பிறகு முழங்கால். வலி என்றால் மேட்டுப்பாதை நிரவப்படும். மார்கழிப் பனியா சித்திரை வெயிலா, காது மந்தமா, பஸ்ஸில் போனால் வாந்தி வருமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசியில் பெயர். உள்ளே மளிகைக்கடைக்காரர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார் என்பதால் நிறுத்தி நிதானமாகக் கேட்டுக்கொள்வாள். ரித்விக் என்ற கல்லூரி மாணவனைக் கடைக்காரர் ‘வாங்க ருத்துவிக்கு, ஒக்காருங்க’ என்று உபசரித்துவிட, கூட வந்த கூட்டம் இன்னமும் அதைச் சொல்லியே அவனை ஓட்டுகிறதாம்.

சிங்காநல்லூரில் ஓடாமல் நின்றுபோன நூல் மில் ஒன்றின் பஞ்சுக் குடோன் அது. இப்போது உள்ளே பஞ்சு இல்லை, சாமான் எதுவும் இல்லை. கயிறு கட்டிய வெறுந்தரையில் கண்ணாடி மாட்டிய ஆட்கள் கையை நீட்டி, காலைத் துழாவி, இல்லாத படியில் ஏறி, இல்லாத ஆட்டுக்குட்டிக்கு வழிவிட்டு நடந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் பார்ப்பது ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு கொங்கு கிராமத்தை. கிளுவை வேலிக்கு நடுவே வண்டி போகும் இட்டேரி, ஓட்டுச் சாளைவீடு, மாட்டுப்பட்டி, கோயில், கடை, கிணறு. ஊர் ஒன்றுதான். ஆனால் ஆளுக்குத் தக்கபடி அந்த ஊரைக் கூட்டியும் குறைத்தும் கொடுப்பது இளவேனிலின் வேலை. தையல்காரர் அளவெடுப்பதைப் போலத்தான் அவளும் ஆளைப் பார்ப்பாள்.

வயது முப்பதுக்குள். ஒட்ட வாரிய முடி, கறுப்புச் சுடிதார், காலில் எப்போதும் ஷூ. வெள்ளகோவில் பக்கம் பிறந்து கம்ப்யூட்டர் படித்தவள். கண்ணாடிகளை மாடுகளைப் போலத்தான் நடத்துவாள். வாரில் சிக்கிய மல்லிகைக் காம்பைப் பிடுங்குவாள், விபூதியைத் தட்டுவாள், எண்ணெய் பிசுக்கைத் திட்டிக்கொண்டே துடைப்பாள். அடிக்கடி அணைந்துபோகும் ஒன்றுக்குச் சண்டிமாடு என்று பெயர். மத்தியானம் பழைய தராசு மேடைமேல் உட்கார்ந்து தயிர்சோறு சாப்பிடும்போதுகூட அதைப் பக்கத்திலேயே வைத்திருப்பாள். “இது கெட்டுப்போகலீங்க. ஆளு கவனிக்கோணும்னு அடம் புடிக்குது” என்பாள்.

கேள்விகளில் ஒன்றை மட்டும் அவள் கடைசியில், குரலைக் கொஞ்சம் இறக்கிக் கேட்பாள். “எந்த ஊட்டு ஆளா உள்ள போறீங்க?”

நான்கு வீடுகள் உண்டு. பண்ணையக்காரர் வீட்டு ஆளாகப் போனால் எதிரே வருகிற வண்டிக்காரர் இறங்கி நின்று பேசுவார். வாத்தியார் என்றால் கும்பிடு விழும். யாவாரி என்றால் எல்லோரும் விலை கேட்பார்கள். ஒறம்பரை, அதாவது விருந்தாளி என்று போனால் வீட்டுக்கு வீடு மோர் கொடுத்தே ஆளைத் தீர்த்துவிடுவார்கள். டல்லாஸிலிருந்து வருகிறவர்கள் யோசிக்காமல் பண்ணையக்காரர் வீடு என்பார்கள். “எங்க தாத்தா ஊடே அதுதானுங்களே” என்று சிலர் சிரிப்பார்கள்.

பதில் சொல்லாமல் அரை நொடி நிற்கிறவர்களும் உண்டு. நல்ல சட்டை, நல்ல வாட்சு, கையில் கார் சாவி, எல்லாம் இருக்கும். அந்தக் கேள்விக்கு மட்டும் கண் கொஞ்சம் தரைக்குப் போகும். இளவேனில் அதைப் பிடித்துவிடுவாள். அவர்கள் வாய் திறக்கும் முன்பே, “ஒறம்பரைன்னே போட்டுக்கலாமுங்க, அதுதான் நல்லாருக்கும்” என்று சொல்லித் தட்டிவிடுவாள். அவர்களும் அவசரமாகத் தலையாட்டுவார்கள். அவளிடமே யாராவது, “எந்தூருங்க? வெள்ளகோவிலா? அங்க எங்கீங்க?” என்று ஆரம்பித்தால், “பக்கத்துல ஒரு ஊருங்க” என்று சொல்லிச் சண்டிமாட்டைத் துடைக்கப் போய்விடுவாள். இந்த ஊரில் மரியாதைக்குக் குறைவே கிடையாது. எல்லாக் கேள்விக்கும் பின்னால் ஒரு ‘ங்க’ இருக்கும். ஆனால் எங்கே என்ற கேள்வியின் மேல்தட்டில் இருப்பது ஊர், அடித்தட்டில் இருப்பது தெரு என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

அவளிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. கண்ணாடியை மாட்டும்போது முன்னால் நிற்பாள். கழற்றும்போது எப்படியாவது பின்பக்கம் போய்விடுவாள். வாரைத் தளர்த்துவது, “மெதுவாக் கண்ணத் தொறங்க” என்பது, சிலர் தள்ளாடினால் தோளைப் பிடிப்பது எல்லாம் பின்னாலிருந்தே. அவர்கள் திரும்புவதற்குள் மேஜைக்குப் போய் முதுகைக் காட்டி நின்றுகொள்வாள். கூச்சம் என்று கூட வேலை பார்ப்பவர்கள் நினைத்தார்கள். கூச்சமில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண்மணிக்கு முன்னால் நின்று கழற்றியிருக்கிறாள். அந்த அம்மாள் கண்ணைத் திறந்து இவளைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

“ஏனுங்க,” என்று கேட்டார், குரல் உள்ளே போயிருந்தது. “உள்ளயும் நீங்கதானுங்களா இருந்தீங்க?”

உள்ளே ஒரு பெண் இருக்கிறாள். நடந்து போகிற வழியில் இட்டேரியின் ஓரம் நிற்பாள். நாம் நெருங்கினால் பாதையைவிட்டு இறங்கி, கிளுவை வேலியோடு ஒட்டி, பக்கவாட்டில் திரும்பித் தலையைக் குனிந்துகொள்வாள். கடந்து போய்விட்டோம் என்று நினைத்தால் கிணற்றடியில் மறுபடியும் அவள். பருத்திக் காட்டில் வரிசையாகக் குனிந்திருக்கும் முதுகுகளில் ஒன்று நிமிர்ந்தால் அவள். பக்கத்து முதுகு நிமிர்ந்தால், அதுவும் அவள். யாரும் அவளை நேருக்கு நேர் பார்த்ததில்லை. ஒரு கன்னம், ஒரு காது, நெற்றியில் ஒட்டிய மயிர், அவ்வளவுதான் கிடைக்கும். உற்றுப் பார்க்கலாம் என்று ஓரடி வைத்தால் அவளும் ஓரடி தள்ளிப்போவாள். பொழுது சாயும் காட்சியில் வேலிக்கு அப்பால் ஒரு சாம்பல் மூட்டம் இருக்கிறது. அந்தப் பெண்கள் அத்தனை பேரும் அதற்குள்ளிருந்துதான் வருவார்கள், அதற்குள்ளேயே போய் மறைவார்கள். அங்கே வீடோ விளக்கோ எதுவும் தெரியாது.

ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? பேய் என்றார்கள். மில்லில் மிஷினில் சிக்கிச் செத்த பெண் என்றார்கள். அந்த மில்லில் அப்படி யாரும் செத்ததில்லை என்று வாட்ச்மேன் அக்பர் அலி சத்தியம் செய்து பார்த்தார், கேட்பார் இல்லை. ஒரு கல்லூரிப் பெண் கண்ணாடியைக் கழற்றி எறிந்து அலறியதை யாரோ செல்போனில் பிடித்துப் பரப்ப, கொஞ்ச நாள் கூட்டம் அள்ளியது. பிறகு குடும்பங்கள் வருவதை நிறுத்திக்கொண்டன.

உண்மை பேயைவிடச் சாதாரணமானது. கேட்டால் பேயே தேவலை என்று தோன்றும். இந்தக் கூடத்தை நடத்தும் அருண்குமார், வெள்ளகோவில் பக்கத்துப் பண்ணையக் குடும்பத்துப் பிள்ளை. நல்ல மனுஷன், அதட்டிப் பேசத் தெரியாது. தன் அப்பாருடைய, அதாவது தாத்தாவுடைய, ஊரைத்தான் கண்ணாடிக்குள் கட்டியிருக்கிறார். ஊர் ஆட்களுக்கு முகம் வேண்டுமே என்று சொந்தபந்தங்களின் பழைய ஆல்பங்களை எல்லாம் வாங்கி மெஷினுக்குக் கொடுத்தார். மாப்பிள்ளைகள், மச்சான்கள், காதுகுத்துக் குழந்தைகள் என்று முகத்துக்குப் பஞ்சமில்லை. மாலை போட்ட காங்கேயம் காளைக்கே தனியாக இரண்டு படம் இருந்தது. காட்டு வேலை செய்தவர்களுக்குத்தான் படமே இல்லை. தேடித் தேடி ஒரு கல்யாணப் படத்தின் ஓரத்தில், பந்தக்காலுக்கு வெளியே, அரிசியளவில் ஒரு பெண்ணின் பாதி முகம் கிடைத்தது. அதை மெஷின் பெரிதாக்கியது. மறுபாதியை அதுவே வரைந்துகொண்டது. அந்த ஒரு முகத்தையே காட்டில், கிணற்றடியில், இட்டேரியில் என்று எல்லோருக்கும் மாட்டிவிட்டார்கள். அவர்கள் உப்புக்குச் சப்பாணி ஆட்கள்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பு.

அந்த முகம் ஏன் இளவேனிலைப் போல இருக்கிறது என்பது மட்டும் அருண்குமாருக்குத் தெரியாது. தினமும் பார்க்கிற முகமாயிற்றே என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. எதேச்சையா என்று கேட்டால், முழுக்க எதேச்சை என்றும் சொல்ல முடியாது. வெள்ளகோவில் பக்கத்துப் பிள்ளைகள் பிழைப்புக்கு ஏறுகிற பஸ் சிங்காநல்லூரில்தான் இறக்கிவிடுகிறது.

உள்ளேயும் நீங்கதானா என்று அந்தப் பெண்மணி கேட்ட அன்றே, மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் இளவேனில் சண்டிமாட்டை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். அதற்குமுன் ஊரைத் திரையில் பார்த்ததோடு சரி. மளிகைக்கடைக்காரர், “வாங்க இளவேனில்” என்றார். அவள் நிற்காமல் இட்டேரிக்கு நடந்தாள். வேலியோரம் அவள் முகமே அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கியது. பத்தடியில் இன்னொன்று ஒதுங்கியது. எத்தனை என்று அவள் எண்ணவில்லை. திரும்பி ஓடப் பார்த்தால் பின்னாலும் நின்றார்கள். அவளுக்கு வழிவிட்டு, அவள் நெற்றியோடும் அவள் மூக்கோடும், தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். கழற்றியபோது உள்பஞ்சு நனைந்திருந்தது. அதைத் துடைத்து வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அன்று பொழுதோட வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டாள். அம்மா மாசாணியம்மாள் சிங்காநல்லூரிலேயே ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் பாத்திரம் கழுவுகிறாள். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அம்மா, நம்ம சனத்துல என்னையாட்டவே யாராச்சும் இருந்தாங்களா?”

கீரை ஆய்ந்த கை நின்றது. “எங்கக்கா. மாராளு.”

“எனக்கு நீ சொன்னதே இல்லியே.”

“சொல்லி என்ன பண்ண கண்ணு. நான் சின்னப்புள்ளயா இருக்கறப்பவே காய்ச்சல்ல போயிட்டா. ஒரு படங்கூடக் கெடையாது. மொகம் மறந்துபோச்சு. நீ பொறந்து வளந்த பொறவு உன்னப் பாத்துப் பாத்துத்தான் அவள நெனச்சுக்குவேன்.”

இளவேனில் கல்யாணப் படத்தைப் பற்றிச் சொன்னாள். மாசாணியம்மாளுக்கு அந்தப் பண்ணையக்காரர் வீட்டுக் கல்யாணம் நினைவிருந்தது. “பண்ணாடி ஊட்டுக் கலியாணம். அக்கா கொடங்கொடமாத் தண்ணி சொமந்தா. படம் புடிக்கறப்ப அக்கட்டாலே போன்னு வெரட்டுனாங்க. இவ நவுரல. நானும் படத்துல உழுவேன்னு நின்னுட்டா. அதுக்கு அன்னைக்கு எங்கப்பங்கிட்ட அடி வாங்குனா.” பிறகு கேட்டாள்: “அதுல சிரிக்கறாளா?”

“தலயக் குனிஞ்சிருக்காங்கம்மா. ஆளு வந்தா ஒதுங்கி நிக்கறாங்க.”

“மாராளா?” மாசாணியம்மாள் கீரைக்கட்டைக் கீழே வைத்தாள். “அப்படின்னா அது அவ இல்ல. வேற யாரோ.”

கூடத்துக்கு வா என்று இளவேனில் எத்தனையோ முறை கூப்பிட்டும், “செத்தவள எதுக்கு எழுப்பறே” என்று அம்மா மறுத்துவிட்டாள். இளவேனிலும் விட்டுவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் கண்ணாடிகளை அணைத்த பிறகு, திரையில் கொஞ்ச நேரம் அந்த இட்டேரியைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுத்தான் கிளம்புவாள். உள்ளே ஆளில்லாதபோது ஊர் ஓய்ந்துவிடும், கடைக்காரர் பாதி வார்த்தையில் நின்றுபோவார். வேலியோரத்துப் பெண்கள் மட்டும் யாரோ வரப்போவதைப் போல அப்படியே நிற்பார்கள்.

அலறல் வீடியோவுக்குப் பிறகு அருண்குமார் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். அந்த முகத்தை எடுத்துவிடப் போகிறோம். மெஷினே ஆளுக்கொரு முகம் புதிதாகச் செய்து தரும். அடுத்த வாரம் மாற்றிவிடலாம். எல்லோரும் நல்லது என்றார்கள். இளவேனில் மட்டும் திரைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். எடுத்துவிட்டால் மாராளின் முகம் பூமியில் எங்கேயும் இருக்காது. அது மாராள்தானா என்று சொல்லக்கூடியவள் அம்மா ஒருத்திதான். அவளுக்கும் முகம் மறந்துபோயிருந்தது.

மற்றவர்கள் போனபின் அவள் அங்கேயே நின்றாள்.

“சார், இன்னொரு ஊடு சேக்க முடியுமுங்களா?”

“எந்த ஊடுங்க?”

“உள்ள போறவங்களுக்கு நாலு ஊடுதானுங்களே இருக்குது. அந்தப் பொம்பளைங்க ஊட்டு ஆளாவும் போற மாதிரி. அவுங்க சனம்னு தெரிஞ்சா ஒதுங்க மாட்டாங்கல்லோ.”

அருண்குமார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “வேலிக்கு அந்தப் பக்கம் நாம ஒண்ணுமே கட்டலீங்களே. அவுங்க குடியிருந்த வளவு எப்படி இருந்துச்சுன்னு படமே கெடைக்கல. அவுங்களுக்கு ஊடே இல்ல, ஊட்டு ஆளுன்னு யாரப் போடறது?” பிறகுதான் கேட்டார்: “ஏனுங்க, உங்களுக்கு வேண்டியவங்களா?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல்தான் இளவேனில் இத்தனை நாளும் இந்தக் கூடத்தில் வேலை பார்த்தாள். சொன்னால் நாளையிலிருந்து டீ டம்ளர் மாறுமா, பேச்சு மாறுமா, ஒன்றும் மாறாமல் பார்வை மட்டும் மாறுமா, எதுவும் தெரியாது. ஆனாலும் சொன்னாள்.

“எங்க பெரியம்மாங்க. உங்க அப்பாரு தோட்டத்துல வேல செஞ்சாங்க. எங்கம்மா இன்னும் இருக்காங்க. மாத்தறதுக்கு முன்னால ஒருக்கா வந்து பாக்கோணுங்க.”

அவர் அவள் முகத்தை முதல் தடவையாகப் பார்ப்பதைப் போலப் பார்த்தார். “ஞாயித்துக்கெழம காத்தால கூட்டிட்டு வாங்க,” என்றார் கடைசியில். “அதுவரைக்கும் எதையும் தொடலீங்க.” வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. அது மரியாதையா, சங்கடமா என்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை.

எடுத்துவிடப் போகிறார்கள் என்று கேட்டபிறகு மாசாணியம்மாள் மறுக்கவில்லை. வெளுத்த புடவை கட்டிக்கொண்டு வந்தாள். குடோன் வாசலில் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினாள். “போட்டுக்கலாம்மா” என்று மகள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. இளவேனில் வழக்கமான கேள்விகளைக் கேட்கவில்லை. கிணற்றைத் திறந்தே விட்டாள், நாய்களை விட்டாள், சித்திரை வெயிலைப் போட்டாள். வீடு என்ற இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது. ஒறம்பரை என்று தட்டினாள்.

கண்ணாடிக்குள் போனதும் மாசாணியம்மாளின் தோள் சுருங்கியது. “இது அந்த ஊரேதான்” என்று முனகினாள். மளிகைக்கடை வந்தது. “வாங்க மாசாணியம்மா, ஒக்காருங்க. மோரு குடிக்கறீங்களா?” என்று கடைக்காரர் கட்டிலைவிட்டு எழுந்து கும்பிட்டார்.

“யாரக் கூப்புடறாரு?”

“உன்னத்தாம்மா.”

“என்னய ஒக்காரச் சொல்றாரு கண்ணு. அவரு கட்டல் மேல.” சிரித்தாளா, அழுதாளா என்று கண்ணாடிக்கு வெளியிலிருந்து தெரியவில்லை. அவள் உட்காரவில்லை.

இட்டேரிக்கு வந்தாள். எதிரே ஒரு சவாரி வண்டி வந்தது. அங்கே இதுவரை நடந்த அத்தனை பேரும் நடுப்பாதையில் நிற்க, வண்டிதான் ஓரங்கட்டும். மாசாணியம்மாள் வண்டிச் சத்தம் கேட்டதுமே விலகி, தலையைக் குனிந்து, குடோனின் கயிற்றோடு ஒட்டி நின்றுகொண்டாள். ஒறம்பரை ஓரத்தில் நிற்க, வண்டிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அது பாதை நடுவில் நின்று மாடு மட்டும் தலையாட்டிக்கொண்டிருந்தது. இளவேனில் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா எந்த வேலியோடு ஒட்டியிருந்தாளோ, அதே வேலியோடு நாலடி தள்ளி மாராள் நின்றாள். இருவரும் ஒரே பக்கம் திரும்பி, ஒரே மாதிரி குனிந்திருந்தார்கள்.

மாசாணியம்மாள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். “அக்கா” என்று ஓரடி வைத்தாள். மாராள் ஓரடி தள்ளிப்போனாள். இன்னும் ஓரடி வைத்தாள். அவளும் வேலியோடு உரசிக்கொண்டு தள்ளிப்போனாள். பின்னால் சாம்பல் மூட்டம் தொடங்கும் இடம் வந்துவிட்டது.

“கிட்டப் போனா நவுருறாளே. எனக்கே ஒதுங்கறாளே கண்ணு.”

அப்படி ஒரு குரலை இளவேனில் தன் அம்மாவிடம் கேட்டதில்லை. நிறுத்திவிடலாம் என்று கை கணினிக்குப் போனது.

மாசாணியம்மாளுக்குக் கால் ஓய்ந்துவிட்டது. அந்த ஊரில் அவள் எப்போது ஓய்ந்தாலும் எப்படி உட்காருவாளோ, அப்படியே வெறுந்தரையில் குத்தவைத்து உட்கார்ந்தாள். அவள் தலை இடுப்புயரத்துக்குக் கீழே இறங்கியது. அந்த உயரத்தில் இருப்பது குழந்தை என்று மெஷின் கணக்கு வைத்திருந்தது. கூடத்தில் சிறு பிள்ளைகளுக்குக் கண்ணாடி மாட்டக்கூடாது என்பதால், குழந்தையைக் கண்டால் அந்த ஊர் என்ன செய்யும் என்று இதுவரை யாரும் பார்த்ததில்லை, இளவேனில் உட்பட.

குழந்தைக்கு யாரும் ஒதுங்குவதில்லை. வேலியோரம் போய்க்கொண்டிருந்த மாராள் நின்றாள். திரும்பினாள். முழு முகமாக, நேருக்கு நேர், தரையில் உட்கார்ந்திருக்கும் சிறுமியைக் குனிந்து பார்த்தாள். இளவேனில் திரையை நெருங்கி அந்த முகத்தைப் பார்த்தாள். பாதியை மெஷின் வரைந்தது என்று அவளுக்குத் தெரியும். எந்தப் பாதி என்று சொல்ல முடியவில்லை.

மாசாணியம்மாள் அண்ணாந்து பார்த்தபடியே இருந்தாள். வாய் மட்டும் அசைந்தது.

“சோறு உண்டியாக்கா?”

உள்ளே பதில் கிடையாது. அந்தப் பெண்களுக்கு யாரும் குரல் வைக்கவில்லை. மாசாணியம்மாளின் கை மெதுவாக மேலே எழுந்தது, ஒரு தாடையைத் தொடும் உயரத்துக்கு. அங்கே ஒன்றுமில்லை. விரல்கள் காற்றைத் தடவின, கொஞ்சம் முன்னால் போயின, இன்னும் கொஞ்சம் முன்னால் போயின.

இளவேனில் மேஜையைவிட்டு எழுந்து கயிற்றைத் தாண்டிப் போனாள். அம்மாவுக்கு முன்னால் மண்டியிட்டு, துழாவிக்கொண்டிருந்த அந்தக் கைக்குள் தன் முகத்தைக் கொண்டுபோய் வைத்தாள்.